சுவரில் போட்ட குறி

நவ. 3, திங்கள்

தூறல். மசூதிப் பாங்கு சத்தத்துக்கே எழுந்தாயிற்று. ஐந்தே முக்காலுக்கு ஸ்கூல் மைதானம். முதல் சுற்றிலேயே புது ஷூவில் சேறு.

இருபத்தாறு வருஷமாக ஷூ கம்பெனி வேலை. வெளிநாட்டுக்காரன் காலுக்கெல்லாம் தோல் பார்த்து அனுப்பியவன். சொந்தக் காலுக்கு ஷூ வாங்கியது ஐம்பத்தோரு வயதில், போன மாதம். சுகுணாவுக்கு ஒரே சிரிப்பு. “இத்தினி வருஷத்துல கம்பெனியில இருந்து ஒரு ஜோடி கொண்டாரத் துப்பில்ல. இப்போ கடையில காசு குடுத்து வாங்கறாரு தொர.” (சுகுணா இனி சு. மை கம்மி.)

நோட்டு இரண்டு. ஆஸ்பத்திரி கொடுத்தது ஒன்று, அதில் தேதி, நிமிடம், அளவு மட்டும். இது கம்பெனியின் பழைய டைரி. இதை யாரும் பார்க்கப்போவதில்லை.

பிசியோ மேடம் எழுதிக் கொடுத்தது:
1. நடை, அரை மணி.
2. துண்டின் இரு முனையைப் பிடித்து முதுகுப் பக்கம் இழுப்பது, 10.
3. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் தூக்கி இறக்குவது, 10.
4. சுவர் ஏறுதல், 10. இடது தோளைச் சுவர்ப் பக்கம் கொடுத்து நின்று, விரல்களாலேயே சுவரில் மேலே மேலே ஏறுவது. எட்டிய இடத்தில் குறி. தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று நோட்டில்.
5. கணவர் எண்ணெய் தொட்டுத் தழும்பு, அக்குள், மேல்கை நீவிவிடுவது, 5 நிமிடம்.

நான்கு வரை நானும் கூடவே செய்ய வேண்டுமாம். “தனியா விட்டா யாரும் செய்யமாட்டாங்க சார். ஜோடியா செய்யுங்க.” மேடம் எங்கள் பிரியாவைவிட மூன்று வயது பெரியவளாக இருந்தால் அதிகம்.

சு.வின் இன்றைய குறி 176. வலது கை 188 எட்டுகிறது. இன்னும் பன்னிரண்டு பாக்கி. பிப்ரவரியில் ஆபரேஷன் ஆனபோது தோளுக்கு மேலேயே வராத கை. ஆறு கீமோ, அப்புறம் கரண்டு வைத்தியம், செப்டம்பர் கடைசியில் எல்லாம் முடிந்தது. முடிந்தது என்று அவர்கள் சொன்னார்கள்.

ஐந்தாவதை மட்டும் செய்யவில்லை. மழை, கை ஜில்லென்று இருக்கிறது என்றேன்.

“நேத்து வெயில் அடிச்சுது. நேத்தும் ஜில்லுன்னுதான் சொன்னீங்க.”

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் காற்றில் ஜாஸ்தி. நடை 32 நிமிடம். முன்னால் போன இருவர் பேச்சு: “சக்கரை கம்மியாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த சந்தோஷத்துல ரெண்டு ஜிலேபி.” சு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முடி இப்போது ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறது. சிரித்தால் ஏழாம் வகுப்புப் பையன் மாதிரி.

குறி 176.

ஐந்தாவது இன்று தப்பிக்க முடியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஏன் பயம் என்று இங்கே எழுதிவிடுகிறேன். என் வேலை தோல் செலக்‌ஷன். மேஜை மேல் தோலை விரித்து, வெளிச்சத்தில் கண்ணை ஓட்டி, கட்டைவிரலால் தடவி, குற்றம் எங்கே என்று சொல்வது. உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், ஆறின தழும்பு, ஆறாத தழும்பு. கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். சில்வர் பேனாவால் வட்டம் போட்டு, வேண்டாமென்று தள்ளுவேன். பக்கத்து மேஜை அமீர் பாய் சொல்வார், “உன் கட்டைவிரலுக்குத் தனியா சம்பளம் குடுக்கணும்பா.” அப்பேர்ப்பட்ட விரல் தினமும் பக்கத்திலேயே படுத்திருந்தும், சு.வுக்கு மார்பில் வந்த கட்டி அதற்குத் தெரியவில்லை. குளிக்கும்போது அவளேதான் கண்டுபிடித்தாள்.

அதனால் தொடவே பயம். தொட்டால் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டது. அக்குளில் தொடங்கி, மேல்கையின் உள்பக்கமாக, தோலுக்கு அடியில் ஒரு நரம்பு. கெட்டி. கை தூக்கும்போது விறைக்கிறது. நேற்றுவரை இருந்ததா? நேற்று நான் தொடவில்லையே. முந்தாநாளும் தொடவில்லையே.

“இன்னா, நிறுத்திட்டீங்க?”

“அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு.”

இரண்டுகூட ஆகவில்லை.

நவ. 5, புதன்

தூக்கமில்லை. வானிலை கவனிக்கவில்லை.

நடையில் அவள் முன்னால், நான் பின்னால். என் மூச்சுதான் இரைத்தது. அவள் மூச்சை எண்ணிக்கொண்டே நடந்ததில் என் மூச்சு தப்பிவிட்டது.

கம்பெனியில் இன்று வந்த லாட்டில் பாதி நரம்பு தெரிகிற தோல். வட்டம், வட்டம், வட்டம். பதினோரு மணிக்கு அமீர் பாய் பேனாவை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

“இன்னாப்பா ஆச்சு உனக்கு? நல்ல தோலெல்லாம் தள்றே. போய் டீ குடி.”

சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பொய்யாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை.

சாயங்காலம் சுவர். சு. முகத்தைச் சுளித்தாள், கை பாதியில் நின்றது. 172. ஒரே நாளில் நான்கு போய்விட்டது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றிருந்தாள், கையை இறக்கினாள், திரும்புவதற்குள் பேனா தானாகவே மேலே போனது. 177-ல் கோடு. நோட்டிலும் 177.

“எவ்வளவு?”

“ஒண்ணு ஏறியிருக்குது.”

“அப்படியா?” என்றாள். அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்விட்டாள்.

இந்த இருபத்தாறு வருஷத்தில் குற்றமுள்ள ஒரு தோலைக்கூட நான் பாஸ் செய்ததில்லை. மேனேஜர் கெஞ்சிய நாளிலும் இல்லை. இன்று செய்தேன்.

நவ. 6, வியாழன்

மேகமூட்டம். நடை 25 நிமிடம் போதும் என்றேன். பாட்டில் பத்து வேண்டாம், ஆறு போதும் என்றேன். சுவரும் ஆறு.

“மேடம் பத்துன்னாங்களே?”

“போன்ல கேட்டேன். கம்மி பண்ணச் சொன்னாங்க.”

போன் பண்ணவே இல்லை. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த நரம்பு விறைக்கிற வேலையை விட்டுவிட்டால் அது அப்படியே கிடக்கும், வளராது. தூங்குகிற நாயை எழுப்பாத மாதிரி.

இன்று “வலிக்குதா” என்று ஒன்பது தடவை கேட்டேனாம். எண்ணி வைத்திருக்கிறாள்.

குறி 169. எழுதியது 178.

ஐந்தாவது: தழும்பு மட்டும் நீவினேன். அக்குள் பக்கம் போகவில்லை. தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது, தோலாக இருந்தால் தள்ளமாட்டேன். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். முன்பெல்லாம் இப்படி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன்.

நவ. 7, வெள்ளி

நல்ல மழை. மைதானம் குளம். வீட்டுக்குள்ளேயே நடை: வாசல், கூடம், சமையலறை, திரும்பி வாசல். அறுபது சுற்று. எதிரும் புதிருமாக நடந்ததில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இடித்துக்கொண்டோம். இடிக்கும்போதெல்லாம் சு. “சாரிங்க சார்” என்றாள், பஸ்ஸில் சொல்வதுபோல. சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

பிரியா போனில், ஓசூரிலிருந்து. “அம்மா கை எவ்ளோ ஏறிச்சுப்பா?” “நூத்தி எழுபத்தொன்பது.” “சூப்பர்ப்பா! அம்மாகிட்ட குடு.” சு. போனை வாங்கி, “ஆமாடி, உங்கப்பா சொல்றதுதான்” என்றாள்.

உண்மையில் 167.

பயங்கள், இன்று உள்ளவை:
அது மறுபடி வந்துவிட்டது.
வந்து ரொம்ப நாளாகிவிட்டது, நான் தொடாததால் தெரியவில்லை.
திங்கட்கிழமை செக்கப்.
செக்கப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள்.
செக்கப்பில் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவார்கள்.
மறுபடி கீமோ என்றால் அவள் மாட்டேன் என்பாள். ஆறாவது கீமோ முடிந்த அன்று சொன்னாள், இன்னொரு தடவை என்னால ஆகாது.
அவள் இல்லாத வீட்டில் இந்தச் சுவர்.

கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

நவ. 8, சனி

மழை விட்டது. ஒடுகத்தூரில் அவள் அண்ணன் மகள் கல்யாணம், இம்மாதக் கடைசியில். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். டெய்லரம்மாவிடம் இடது பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்ல வெட்கப்பட்டு மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டவள், இன்று என்னைக் கூப்பிடாமல் தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொன்னேன். அந்தம்மா, எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான், எத்தினி பஞ்சுன்னு எனக்கே தெரியும்னுச்சு. வாயத் திறந்து சொன்னா எவ்ளோ லேசா முடிஞ்சிடுது பாருங்க.”

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பார்வையெல்லாம் குத்துகிற மாதிரிதான் தெரியும்.

165. எழுதியது 180. மேலே போகப் போகக் கோடு போட எனக்குத்தான் கை வலிக்கிறது.

நவ. 9, ஞாயிறு

நடை. வேறொன்றும் எழுத முடியவில்லை. நாளைக்கு வேலூருக்கு 7.20 ரயில்.

நவ. 10, திங்கள்

வேலூர் போய் வந்தோம். மணி எட்டு. முதலிலிருந்து எழுதுகிறேன்.

பிசியோ மேடம் நோட்டைப் புரட்டினார். “ஆன்ட்டி, நூத்தி எண்பதா! கலக்கிட்டீங்க.” பிறகு சுவரோரம் நிற்கச் சொன்னார். அங்கே சுவரிலேயே அளவு ஒட்டியிருக்கிறது. சு. விரலால் ஏறினாள். 164. அங்கேயே நின்றது.

மேடம் நோட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“வீட்டு டேப் கொஞ்சம் தப்பா இருக்குமா சார்?”

சு.தான் பேசினாள், கையை இறக்காமலேயே.

“டேப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது மேடம். என் கை ஒரு இடத்துல நிக்கும், இவரு குறி ஒரு ஜாண் மேல நிக்கும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். எல்லாவற்றையும் சொன்னேன். நரம்பு, செவ்வாய்க்கிழமை, பத்தை ஆறாக்கியது, போன் பண்ணாமலேயே பண்ணினேன் என்றது. மேடம் சு.வின் கையைத் தூக்கிப் பிடித்து, அக்குளிலிருந்து விரலை ஓட்டினார்.

“இதுவா சார்?”

“அதுதான்.”

“இது கயிறு மாதிரி ஒண்ணு. அக்குள்ல ஆபரேஷன் பண்ண நிறைய பேருக்கு வர்றதுதான். இழுத்து இழுத்து விட்டா போய்டும். இழுக்காம விட்டா இறுகிடும். நீங்க நாலஞ்சு நாளா விட்டிருக்கீங்க.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு டாக்டர். அவரும் தொட்டுப் பார்த்தார், கயிறுதான் என்றார். அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொரு இடத்தில் விரலை வைத்தார். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நானும் விரலால் பிழைக்கிறவன்தான், நிற்கிற விரலை எனக்குத் தெரியும். “பயப்பட ஒண்ணும் இல்ல. எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்.” ஸ்கேன் புதன். ரிப்போர்ட் வியாழன் பதினோரு மணி.

எதுக்கும். ரயிலில் ஆம்பூர் வரை அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள்.

ரயிலில் சு. ஜன்னலோரம். குடியாத்தம் தாண்டியதும் பேசினாள்.

“என் கை எங்க போய் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதா? புதன்கிழமையே தெரியும்.”

“அப்போ ஏன் கேக்கல?”

“இருபத்தாறு வருஷமா ஒரு தோல பொய்யா பாஸ் பண்ணாத மனுஷன். சொந்தத் தம்பி கொண்டாந்த தோல் லாட்டையே தள்ளினவரு. நீங்க பொய்க் குறி போட்டீங்கன்னா, உங்க விரல் எதையோ பார்த்துட்டுது. அத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அஞ்சு நாளா, நான் சாவப்போறேன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைச்சிக்கினே சோறாக்கினேன்.” பிறகு, கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, “நீ என்னைத் தூக்கிப் பொதைச்சிட்டு, மேல கோடு போட்டுக்கினு இருந்தியா?” என்றாள்.

எதிர் சீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் பயப்படக்கூடாது என்று செய்தேன். அவளுக்கு என் பயத்தைவிடப் பெரிய பயத்தைக் கொடுத்துவிட்டேன், அதற்குத் துணையாக இருக்கவும் நான் இல்லை.

நவ. 11, செவ்வாய்

வெயில். நடை 30. பேசவில்லை, ஆனால் கூடவே நடந்தாள்.

ஈரத் துணியால் சுவரைத் துடைத்தேன். சில்வர் பேனா தோலில் துடைத்தால் போய்விடும். டிஸ்டெம்பரில் போகவில்லை. 177, 178, 179, 180, நான்கும் பளபளவென்று அப்படியே.

“விடுங்க,” என்றாள் பின்னாலிருந்து. “அது வரைக்கும் போய்த்தானே ஆகணும்.”

மறுபடி ‘நீங்க’ ஆகியிருந்தேன்.

சுவர் பத்து தடவை. அவள் பல்லைக் கடித்தாள், நான் எண்ணினேன். 165. பேனாவை அவளே வாங்கிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினாள்.

ஐந்தாவது: கட்டைவிரலால் கயிற்றை அக்குள் பக்கம் அழுத்திப் பிடித்து, கையை மெதுவாக விரிக்க வேண்டும். மேடம் சொல்லிக் கொடுத்த மாதிரி. என் விரல் அழுத்தாமல் மேலோடு நின்றது.

“அழுத்துங்க. தோலுக்கு அழுத்தற மாதிரி அழுத்துங்க.”

“பயமா இருக்குது சுகுணா.”

“இத முன்னாடியே வாயால சொல்லியிருக்கலாம் இல்ல. சுவத்துல எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?” கையை இன்னும் கொஞ்சம் விரித்து, “எனக்கும் பயம்தான்” என்றாள்.

முழுதாக ஐந்து நிமிடம்.

நவ. 12, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. எடுத்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. கம்பெனிக்குப் போன் பண்ணி அமீர் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். “துவா பண்றேன்பா. லாட்டை நான் பார்த்துக்கறேன்.”

ரொம்ப நேரம் நீவினேன். 167.

நவ. 13, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தா. டைரியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். டோக்கன் 43. இப்போது 36.

காலையில் நடக்கவில்லை, சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. சு. உட்கார மாட்டேன் என்கிறாள். “உக்காந்தாதான் கண்டதும் தோணும். எழுந்திரிங்க, இங்கியே நடப்போம்.” இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அறுபது அடி. செருப்போடு நடக்கிறோம், ஷூ வீட்டில். ஜனங்கள் காலை மடக்கி வழிவிடுகிறார்கள். ஒரு பெரியவர்: “இன்னாம்மா, யாரையாவது தேடறீங்களா?” “இல்லீங்க, நடக்கறோம்.”

39. நடந்துகொண்டே எழுதியதில் கையெழுத்து கோணல்.

பன்னிரண்டு சுற்று. அவள் சொன்னாள், “ரிப்போர்ட்ல ஏதாவது இருந்தா, டாக்டர் சொல்றத அப்படியே சொல்லுங்க. மாத்தாதீங்க.” நீயும்தானே கூடவே உள்ளே இருக்கப்போகிறாய் என்றேன். “எனக்குக் காது அடைச்சிடும். நீங்கதான் கேட்டு வைக்கணும்.”

சரி என்றேன்.

41. 42 கதவுப் பக்கம் எழுந்து நிற்கிறார்.

சு. கோடியில் காலிச் சுவர் பார்த்து நின்றுவிட்டாள். இடது தோளைச் சுவருக்குக் கொடுத்து, விரல்களால் ஏறுகிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. ஐந்து. ஆறு. இங்கிருந்தே எண்ணுகிறேன். கையில் டேப் இல்லை, பேனாவால் இந்தச் சுவரில் கோடு போடவும் முடியாது. கண்ணாலேயே அளக்க வேண்டும்.

42 உள்ளே போய்விட்டார்.

170 என்று எழுத ஆசையாக இருக்கிறது. 168.